ஒரு கைப்பிடி மல்லாட்டை: சர்க்கரை நோயுள்ள குடும்பங்களுக்கு ஒரு பாடம்

(குடும்ப நலத் துண்டு வெளியீடு. கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க.)



இந்த வெளியீட்டை ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். சர்க்கரை நோய் ஒருவர் உடம்பில்தான் வருகிறது. ஆனால் அதற்கான சாப்பாடு இருவர் கையிலும் இருக்கிறது. வீட்டில் அடுப்பு ஒன்று, சோற்றுப் பானை ஒன்று. ஒருவருக்கு மட்டும் பத்தியம் என்று வைத்தால் அது பத்து நாளைக்கு மேல் நிற்பதில்லை. ஆகவே இருவரும் சேர்ந்து படியுங்கள்.

இந்தப் பாடத்தின் பொருள், வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டை வகைகளைச் சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா, சாப்பிட்டால் எவ்வளவு, எப்படி என்பதாகும்.

ஒரு வீட்டில் நடந்தது

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் கல்வேலை செய்பவர். வயது 48. காலையில் உளியைப் பிடித்து உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை எழுந்திருக்க மாட்டார். மனைவி கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் வறுத்த கடலை விற்பவர். இருவருடைய பெயரும் இங்கே வேண்டாம். இது கதைதான். ஆனாலும் இவர்களைப் போன்றவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள்.

கணவருக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிட்டு வந்தார். யாரோ ஒருவர், "கடலையில எண்ணெய் அதிகம், அதைத் தொட்டா நெஞ்சு அடைச்சுக்கும்" என்று சொன்னதால், மனைவி விற்கும் கடலையில் ஒன்றைக்கூட வாயில் போட மாட்டார். பிறகு டீக்கடையில் ஒருவர் தம் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பாதாமும் பிஸ்தாவும் தின்றால் சர்க்கரை நோய் போய்விடும், மாத்திரையே வேண்டாம் என்று அதில் ஒருவர் பேசினார். அவ்வளவுதான். மனைவியின் கம்மலை அடகு வைத்து, இரண்டு கிலோ பாதாமும் பிஸ்தாவும் வாங்கி வந்தார். மாத்திரையை நிறுத்தினார். மூன்று வேளைச் சோறு எப்போதும்போல. அதற்கு மேல் காலையிலும் மாலையிலும் கை நிறைய பாதாம்.

ஒன்றரை மாதம் கழித்து, தெறித்த கல் சில்லு ஒன்று இடது கால் பெருவிரலைக் கிழித்தது. சின்னக் காயம். ஆனால் இரண்டு வாரமாகியும் ஆறவில்லை. விரல் கறுத்து, வாடை வந்தது. மனைவிதான் முதலில் கண்டுபிடித்தார். மறுநாள் விடிகாலை கிராம சுகாதார செவிலியரை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

நர்சம்மா விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். வெறும் வயிற்றில் 248.

"அண்ணே, மாத்திரை சாப்பிடறீங்களா?"

கணவர் தரையைப் பார்த்தார்.

"நிறுத்திட்டேன் நர்சம்மா. பாதாம் சாப்டுக்கினு இருக்கேன். அதே போதும்னு சொன்னாங்க."

"எவ்வளவு சாப்பிடறீங்க?"

மனைவி பதில் சொன்னார்: "ரெண்டு கையாலயும் அள்ளித் திங்கிறாருங்க. சோத்தையும் கொறைக்கல. நான் விக்கிற கடலைய மட்டும் விஷம்னு சொல்றாரு. அந்தக் கடலைய வித்துத்தான் வட்டி கட்டிக்கினு இருக்கேன்."

நர்சம்மா சிரிக்கவில்லை. "அக்கா, உங்க கூடையில இருக்கிறதும் நல்ல பண்டந்தான். அண்ணன் வாங்கினதும் நல்ல பண்டந்தான். தப்பு பண்டத்துல இல்ல. மாத்திரையை விட்டது ஒரு தப்பு. சோத்துக்கு மேல சேர்த்துச் சாப்பிட்டது இன்னொரு தப்பு. மொதல்ல கெளம்புங்க. இந்த விரலை டாக்டர் இன்னிக்கே பார்க்கணும்."

இந்தக் கதையின் மீதியைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

சர்க்கரை நோய் என்பது என்ன?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, கூழ், ரொட்டி எல்லாம் வயிற்றில் செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை தசைக்குள் போனால்தான் உடம்புக்குப் பலம். அதை உள்ளே அனுப்பும் வேலையை இன்சுலின் என்ற சுரப்பு செய்கிறது. பூட்டிய கதவுக்கு இன்சுலின் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் சாவி இருக்கிறது, ஆனால் பூட்டு துருப்பிடித்துவிடுகிறது. நாளடைவில் சாவியும் போதாமல் போகிறது. சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. அது வருடக்கணக்கில் தங்கினால் கண், சிறுநீரகம், இருதயம், கால் நரம்பு ஆகியவை கெடுகின்றன. காலில் உணர்ச்சி குறைவதால்தான் காயம் பட்டாலும் வலி தெரிவதில்லை.

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126 அல்லது அதற்கு மேல் என்று இரண்டு முறை வந்தால் சர்க்கரை நோய் என்று கொள்ள வேண்டும்.

இது பட்டணத்து வியாதி அல்ல

"வெயிலில் உழைக்கிறவனுக்கு ஏது சர்க்கரை வியாதி?" என்று நம் பக்கத்தில் கேட்பதுண்டு. நம் மாவட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

செய்யூர் பக்கத்துச் சூணாம்பேடு உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். அப்போது அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு நம்முடையது. அங்கே 2006-ல் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பரிசோதனைக் கருவிகள் பொருத்திய வேன் ஒன்று ஊர் ஊராகப் போயிற்று. கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்து, செயற்கைக்கோள் வழியாகச் சென்னை டாக்டர்களுக்கு அனுப்பும் வசதியும் அதில் இருந்தது. 42 கிராமங்களில் இருந்த 27,014 பெரியவர்களில் 23,380 பேர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் 1,138 பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 3,410 பேர் எல்லைக்கோட்டில். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இவர்கள் ஏர் பிடித்தவர்கள், நடவு நட்டவர்கள், ஆடு மேய்த்தவர்கள்.

அந்தத் திட்டத்தில் நல்ல செய்தியும் உண்டு. தொடர்ந்து சிகிச்சைக்கு வந்த 1,001 பேரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, ஒரே வருடத்தில் 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 100-க்கு 5 பேருக்கும் குறைவு. உள்ளூரிலேயே சோதனை, மாத்திரை, சாப்பாட்டு யோசனை மூன்றும் கிடைத்தால் கிராமத்து ஜனங்களால் இந்த நோயை அடக்க முடியும் என்பதை அது காட்டியது.

கொட்டை வகைகளில் என்ன இருக்கிறது?

நம் பக்கத்தில் மல்லாட்டை, மணிலாக்கொட்டை, வேர்க்கடலை என்று எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான். செடியின் இனத்தைப் பார்த்தால் அது துவரை, உளுந்து போன்ற பயறு வகையைச் சேர்ந்தது. ஆனால் உள்ளே இருக்கும் சத்தைப் பார்த்தால் முந்திரி, பாதாமுக்குப் பங்காளி.

மல்லாட்டையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய். மாவுச்சத்து கொஞ்சம், நார்ச்சத்து நிறைய. ஆகவே ரத்தச் சர்க்கரையைச் சோற்றைப்போல மளமளவென்று ஏற்றுவதில்லை. புரதமும் எண்ணெயும் நாரும் சேர்ந்து வயிற்றில் மெதுவாகச் செரிப்பதால் பசியும் சீக்கிரம் எடுக்காது.

"எண்ணெய் என்றால் கொழுப்புதானே?" என்று கேட்பீர்கள். கொழுப்பில் பல வகை உண்டு. வனஸ்பதியிலும் பலமுறை காய்ச்சிய பஜ்ஜி எண்ணெயிலும் உள்ள கெட்ட கொழுப்பு ரத்தக் குழாயில் படிகிறது. மல்லாட்டை, முந்திரி, பாதாமில் உள்ளது பெரும்பாலும் இருதயத்துக்கு இதமான கொழுப்பு. சர்க்கரை நோயாளியின் உயிருக்குப் பெரிய ஆபத்து மாரடைப்பும் பக்கவாதமும் ஆகும். ஆகவே இருதயத்துக்கு நல்லதெல்லாம் சர்க்கரை நோயாளிக்கும் வேண்டியதே.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

சென்னையில் 300 சர்க்கரை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 2018-ல் வெளியாயிற்று. எல்லாருக்கும் சர்க்கரை நோய்க்குரிய சாப்பாடே சொல்லப்பட்டது. ஒரு பிரிவினர் மட்டும் அத்துடன் தினம் 30 கிராம் முந்திரிப் பருப்பு, 12 வாரம் சாப்பிட்டனர். முந்திரி சாப்பிட்டவர்களுக்கு மேல் ரத்த அழுத்தம் சராசரி 4.9 புள்ளி குறைந்தது, மற்றவர்களுக்கு 1.7 புள்ளிதான். நல்ல கொலஸ்டிராலும் சற்றுக் கூடியது. எடை ஏறவில்லை. ஆனால் கவனியுங்கள்: ரத்தச் சர்க்கரை அளவில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. முந்திரி சர்க்கரையை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை.

கனடா நாட்டில் 117 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த சோதனை 2011-ல் வெளியாயிற்று. அங்கே ஒரு பிரிவினருக்கு மாவுப் பண்டத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கொட்டை வகைகளைக் கொடுத்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை சிறிதளவு, அதாவது 0.21 புள்ளி குறைந்தது.

ஸ்பெயின் நாட்டில் 2013-ல் வெளிவந்த பெரிய சோதனையில், காய்கறி, பருப்பு, மீன் நிறைந்த சாப்பாட்டுடன் தினம் 30 கிராம் கொட்டை வகைகளும் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்ததாகக் கண்டார்கள்.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் மூன்று.

ஒன்று: கொட்டை வகை மருந்து அல்ல. நோயைப் போக்காது. மாத்திரைக்கு ஈடாகாது.

இரண்டு: அளவோடு சாப்பிட்டால் இருதயத்துக்கு நன்மை உண்டு.

மூன்று: மாவுப் பண்டத்துக்கு பதிலாக வந்தால்தான் சர்க்கரைக்குக் கொஞ்சம் நன்மை. மேலாக வந்தால் பயனில்லை, எடைதான் கூடும்.

எவ்வளவு சாப்பிடலாம்?

நம் நாட்டின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், சாதாரண ஆளின் ஒரு நாள் உணவில் கொட்டைகளும் எண்ணெய் விதைகளும் சேர்த்து 35 கிராம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நாம் 30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசு வேண்டாம். உடைத்து எடுத்த பருப்பு, உங்கள் சொந்தக் கையை மூடினால் உள்ளே அடங்கும் அளவு. அதுவே ஒரு கைப்பிடி. குவித்து வழியக்கூடாது. முந்திரியானால் சுமார் 18 முதல் 20 பருப்பு. பாதாமானால் சுமார் 25.

இது ஒரு நாளைக்கு. ஒரு வேளைக்கு அல்ல. எல்லாக் கொட்டையும் சேர்த்து ஒரு கைப்பிடி. ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி அல்ல.

ஒரு கைப்பிடி மல்லாட்டையில் ஏறத்தாழ இரண்டு இட்லிக்குச் சமமான சக்தி இருக்கிறது. ஆகவே கடலை சாப்பிடும் நாளில் அந்த அளவு சோறோ, இட்லியோ, வடையோ குறைய வேண்டும். பதினோரு மணிக்கு டீயோடு தின்னும் போண்டாவை விட்டுவிட்டு அந்த இடத்தில் கடலையை வையுங்கள். கணக்கு நேராகிவிடும்.

பாதாம்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. கம்மலை அடகு வைக்க வேண்டியதேயில்லை.

பாதாம் நல்ல பண்டம்தான். ஆனால் அதன் விலை மல்லாட்டையைவிடப் பல மடங்கு. செய்யூர், மதுராந்தகம் பக்கத்துக் கொல்லையில் விளையும் மல்லாட்டையில் உள்ள புரதம் பாதாமில் உள்ளதற்குச் சற்றும் குறைந்ததல்ல. பக்கத்திலுள்ள திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்கே உண்டான டி.எம்.வி. ரகங்களை நம் விவசாயிகள் அறிவார்கள். விளைந்ததில் நல்லதை விற்றுவிட்டு, சொத்தையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கத்தை மட்டும் விட வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

கடற்கரை மணலில் முந்திரித் தோப்பு உள்ளவர்கள் முந்திரியும் சாப்பிடலாம். ஆனால் பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்து உடைக்கக் கூடாது. மேல் ஓட்டிலுள்ள எண்ணெய் உதட்டையும் கையையும் பொத்துவிடும். குழந்தைகளைத் தோப்பில் தனியே விடும்போது இதைச் சொல்லி வையுங்கள்.

எள், பூசணி விதை ஆகியவற்றையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

எப்படிச் சாப்பிடுவது?

மணலில் வறுத்த கடலை நல்லது. ஓட்டோடு வேகவைத்த பச்சைக் கடலையும் நல்லது. உப்பைக் கொஞ்சமாகப் போடுங்கள். மேல் தோலை ஊதித் தள்ளாமல் அதோடு சாப்பிடுவது மேல். பல் இல்லாத பெரியவர்களுக்கு வறுத்துப் பொடித்துக் கீரையிலும் பொரியலிலும் தூவலாம். தேங்காய்ச் சட்னிக்குப் பதில் கடலைச் சட்னி அரைக்கலாம். பொடியும் சட்னியும் கைப்பிடிக் கணக்கில் சேர்ந்ததே.

ஒரு நாள் சாப்பாடு இப்படி இருக்கலாம்:

காலை: மூன்று இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார். அல்லது கேழ்வரகு அடை இரண்டு.

பதினோரு மணி: சர்க்கரை போடாத டீ, அரைக் கைப்பிடி வறுத்த கடலை.

மதியம்: தட்டில் பாதி இடத்துக்குக் கீரையும் காயும். கால் இடத்துக்கு மீன் குழம்பில் வெந்த மீன், அல்லது பருப்பு, அல்லது முட்டை. மீதிக் கால் இடத்துக்கு மட்டும் சோறு.

மாலை: அரைக் கைப்பிடி கடலை. அல்லது ஒரு கிண்ணம் பச்சைப்பயறு சுண்டல்.

இரவு: கோதுமை தோசை அல்லது சப்பாத்தி இரண்டு, காய்க் கூட்டு.

கேழ்வரகுக் கூழ் சர்க்கரையை ஏற்றாது என்று எண்ணிச் சொம்பு சொம்பாகக் குடிப்பவர்கள் உண்டு. அதுவும் மாவுச்சத்துதான். கூழுக்கும் அளவு உண்டு.

இவை கணக்கில் வராது

கடலை மிட்டாய், பொரி உருண்டை, எள்ளுருண்டை: வெல்லப்பாகில் செய்தவை. பனைவெல்லமானாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

மசாலாக் கடலை: கடலை மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்தது.

உப்பு தூவிய பாக்கெட் முந்திரி: ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. கருவாடும் ஊறுகாயும் தினம் சேர்க்கும் வீட்டில் உப்பு ஏற்கெனவே அதிகம்.

பூஞ்சை பிடித்த கடலை நஞ்சு

ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையில் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சை படரும். அந்தப் பூஞ்சை அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது ஈரலைக் கெடுக்கும். நீண்ட நாள் உள்ளே போனால் ஈரல் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுவதும் போவதில்லை. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே நன்றாகக் காய்ந்த கடலையாக வாங்குங்கள். ஓட்டோடு வைத்து, வேண்டும்போது உடையுங்கள். மூடியுள்ள டப்பாவில் காற்றுப் புகாமல் வையுங்கள். சுருங்கியது, கறுத்தது, கசப்பது, பூஞ்சை பிடித்தது எதையும் பொறுக்கி எறியுங்கள். கோழிக்கும் மாட்டுக்கும்கூடப் போடாதீர்கள். சொத்தையை வீட்டுக்கு வைக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

யார் டாக்டரைக் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும்?

சிறுநீரகம் பழுதானவர்கள்: கொட்டையில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் அவர்களுக்கு ஆகாமல் போகலாம்.

கடலை சாப்பிட்டால் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வருபவர்கள்: இவர்கள் தொடவே கூடாது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள். மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். அரைத்தோ பொடித்தோ கொடுங்கள்.

தாழ் சர்க்கரை வந்தால் கடலை உதவாது

இதைக் குடும்பத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் இருந்தால் சிலருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுதல் வரும். அப்போது கடலையைக் கொடுத்துப் பயனில்லை. அது மெதுவாகச் செரிக்கும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

மாத்திரை வீடு தேடி வருகிறது

2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. வருகிற சுகாதாரத் தன்னார்வலரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மாத்திரையை விட்டிருந்தால் விட்டேன் என்று சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். வாங்கிப் பெட்டியில் போட்டு வைப்பதால் நோய் அடங்காது.

மனைவிமார்களுக்கு ஒரு வார்த்தை

எல்லாருக்கும் போட்டுவிட்டு, மிஞ்சிய சோற்றைக் குழம்பில் பிசைந்து தின்று படுப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். காயும் மீனும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும். சோறு மட்டும் தாய்க்கு. இந்தச் சாப்பாடே பெண்களுக்குச் சர்க்கரையைக் கொண்டுவந்துவிடும். கைப்பிடிக் கடலை உங்களுக்கும் உரியது. 30 வயது தாண்டியவர்கள் வருடம் ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சோதிப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகாலச் சர்க்கரை. பிரசவத்துக்குப் பிறகு அது பெரும்பாலும் மறைந்தாலும் பின்னாளில் திரும்ப வரக்கூடும். அப்படிப்பட்ட தாய்மார்கள் சோதனையை விடவே கூடாது.

கேள்வியும் பதிலும்

கேள்வி: தேங்காயும் கொட்டைதானே? அதையும் கைப்பிடி சாப்பிடலாமா?
பதில்: பெயரளவில் சரி. ஆனால் தேங்காயில் உள்ளது பெரும்பாலும் உறைகின்ற கொழுப்பு. தாளிக்கவும் கூட்டுக்கும் கொஞ்சம் போதும். இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: கடலை சாப்பிட்டால் பித்தம், தலைசுற்றல் என்கிறார்களே?
பதில்: வெறும் வயிற்றில் அளவுக்கு மீறித் தின்றால் வயிறு உப்பசமாகும். பூஞ்சை பிடித்ததைத் தின்றாலும் குமட்டும். நல்ல கடலையை அளவோடு மென்று தின்றால் பெரும்பாலோருக்குத் தொந்தரவில்லை.

கேள்வி: ஊறவைத்துச் சாப்பிட்டால்தான் பலனா?
பதில்: மெல்லுவதற்கு எளிது. அவ்வளவுதான். ஊறவைக்காமலும் சாப்பிடலாம்.

கேள்வி: நாள் முழுதும் வலை இழுக்கிறேன். தனியாக நடக்கவும் வேண்டுமா?
பதில்: வலை இழுப்பதே உடற்பயிற்சிதான். கடலுக்குப் போகாத நாட்களில் நடங்கள். உட்கார்ந்து வேலை செய்யும் சிற்பிகளும் கடைக்காரர்களும் தினம் அரை மணி நேரம் நடப்பது அவசியம்.

அந்த வீட்டில் பிறகு

அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். டாக்டர், "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார். மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். நர்சம்மா அந்த மனைவியையும் உட்காரவைத்துக் குத்திப் பார்த்தார். வெறும் வயிற்றில் 114. எல்லைக்கோடு.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லீங்களே!"

"உங்களுக்கு இன்னும் வரலை அக்கா. வராம பார்த்துக்கலாம். ரெண்டு பேரும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்க. போதும்."

அன்று முதல் அந்த வீட்டில் சோற்றுக் கரண்டி சிறியதாயிற்று. கீரை கூடிற்று. மனைவி வியாபாரத்துக்குக் கிளம்பும்முன் கூடையிலிருந்து இரண்டு சின்னப் பொட்டலம் கட்டுவார். ஒன்று கணவருக்கு, ஒன்று தமக்கு. போண்டாக் கடைப் பக்கம் கணவர் போவதில்லை. மாலையில் இருவரும் மணலில் அரை மணி நேரம் நடக்கிறார்கள். கணவர் காலில் செருப்பு இல்லாமல் இறங்குவதில்லை. படுக்கும்முன் மனைவி விளக்கு வெளிச்சத்தில் அவர் உள்ளங்காலைப் பார்க்கிறார்.

மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றில் கணவருக்கு 128. மனைவிக்கு 98. விரல் ஆறிவிட்டது; நகம் மட்டும் போயிற்று. இது கடலையால் மட்டும் வந்ததா? இல்லை. மாத்திரை, குறைந்த சோறு, நடை, காலைக் கவனித்த கண், இவற்றோடு கடலையும் சேர்ந்தது.

மீதமிருந்த பாதாமை என்ன செய்தார்கள் என்று நர்சம்மா கேட்டார்.

"பிள்ளைங்களும் நாங்களும் தெனம் நாலு நாலா சாப்பிட்டுத் தீர்த்துட்டோம். கம்மலை மீட்டாச்சு. இனிமே பாதாம் வாங்கறதா இல்லீங்க. நம்ம கூடையே போதும்" என்றார் மனைவி.

நினைவில் வைக்க

1. ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி. அதற்கு மேல் வேண்டாம்.
2. சோற்றுக்கும் பலகாரத்துக்கும் பதிலாக, மேலாக அல்ல.
3. மல்லாட்டை போதும். கடன் வாங்கிப் பாதாம் வேண்டாம்.
4. வெல்லம், உப்பு, பொரித்த மாவு சேர்ந்த கடலை கணக்கில் வராது.
5. பூஞ்சை பிடித்ததை எறிந்துவிடுங்கள்.
6. டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.
7. தினம் இரவு காலைப் பாருங்கள். ஆறாத புண்ணை அன்றே காட்டுங்கள்.

இருவரும் சேர்ந்து செய்யுங்கள்

இன்று இரவு உங்கள் இருவர் கைப்பிடியையும் அளந்து, அந்த அளவுக்கு ஒரு டம்ளரில் கோடு போட்டு வையுங்கள். நாளை முதல் எந்தப் பலகாரத்தை விடப்போகிறீர்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது ரத்தம் சோதித்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியாதவர் முதலில் போய்ச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேளுங்கள். 104 என்ற எண்ணிலும் யோசனை கேட்கலாம்.

படித்து முடித்ததும் இதைக் கடலை மடிக்கக் கிழித்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுத் தம்பதியருக்குக் கொடுங்கள்.